வீட்டில் ஒருவர், சபையில் ஒருவர்

கேள்வி: எனக்கு வயது 36. ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. நான்கு வருடம் முன்பு ஒரு முகாமில் என்னை முழுவதுமாக ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தேன். அன்றிலிருந்து வாரத்தில் நான்கு மாலை சபை வேலைதான். வாலிபர் கூட்டமும் என் பொறுப்பு. ஆனால் இந்த ஒரு வருடமாக உள்ளே எதுவுமே இல்லாததுபோல் இருக்கிறது. ஜெபிக்க உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது. ஆபீஸில் நடக்காத செலவுக்கு பில் சேர்த்துக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், போடுகிறேன். போன மாதம் என் மனைவி, “சபையில பார்க்கிற ஆளு வேற, வீட்டுக்கு வர்ற ஆளு வேற. அந்த ஆளை ஒரு நாளாவது வீட்டுக்கு அனுப்புங்க” என்றாள். வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றுகிறது. நான் உண்மையிலேயே சீஷன்தானா ஐயா? சீஷனாக வாழ்வது என்றால் என்ன?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

மேலே இருப்பது உங்கள் கடிதத்தின் சுருக்கம்தான். முழுக் கடிதத்தில், ஜெபத்தில் தூக்கம் வருவதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தீர்கள். முழுநேர ஊழியத்தைப் பற்றி இன்னொரு பக்கம். அந்தக் கையெழுத்துக்கு மட்டும் ஒரே சொல்: ‘போடுகிறேன்.’ இரண்டாம் முறை வாசிக்கும்போதுதான் என் கண் அதில் நின்றது. இருபத்தைந்து வருடமாகப் போதகராகவும் ஆற்றுப்படுத்துநராகவும் ஆட்களோடு உட்கார்ந்து பேசி வருகிறேன். ஒருவர் எதை நீட்டி முழக்குகிறார் என்பதைவிட எதை ஒரே சொல்லில் தாண்டிப் போகிறார் என்பதைக் கவனிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கையெழுத்துக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்தச் சொல். பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில் ‘சீஷன்’, புதிய மொழிபெயர்ப்புகளில் ‘சீடர்’. இரண்டும் சிஷ்யன்தான். மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் ‘மத்தேத்தேஸ்’. கற்றுக்கொள்கிறவன் என்று அர்த்தம். புதிய ஏற்பாட்டில் இந்தச் சொல் 260 தடவைக்கு மேல் வருகிறது. ‘கிறிஸ்தவன்’ என்பது மூன்றே தடவை. அதுவும் முதலில் வருகிற இடத்தைப் பாருங்கள்: அந்தியோகியாவிலே சீஷர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்கிற பேர் வழங்கிற்று (அப்போஸ்தலர் 11:26). சீஷர்கள் ஏற்கெனவே இருந்தார்கள், பேர் பிற்பாடு வந்தது. நாம் இதைத் தலைகீழாக்கிவிட்டோம். கிறிஸ்தவர் என்றால் எல்லாரும், சீஷர் என்றால் அதில் தீவிரமான சில பேர் என்று இரண்டு வகுப்பு வைத்துவிட்டோம். முகாமில் உங்களுக்கு மேல்வகுப்புக்கு டிக்கெட் கிடைத்ததாக நினைத்தீர்கள். இப்போது இறக்கிவிட்டார்களோ என்று பயப்படுகிறீர்கள். அப்படி ஒரு மேல்வகுப்பே கிடையாது தம்பி. உங்கள் பயத்தில் பாதி இங்கேயே கழிந்துவிட வேண்டும்.

மீதிப் பாதி நியாயமான பயம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

சின்ன வயதில் ஒரு பள்ளி விடுமுறைக்கு என்னை ஒரு தச்சரிடம் வேலை பழக விட்டிருந்தார்கள். முதல் வாரம் முழுக்கப் பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாம் வாரம் இழைப்புளியைக் கையில் கொடுத்தார். தள்ளினேன். திக்கித் திக்கி நின்றது, பலகை முழுக்கச் சிராய் பெயர்ந்தது. அவர் வந்து ஒன்றும் பேசாமல் பலகையை மறுபக்கமாகத் திருப்பிப் போட்டார். “நார் ஓடுற பக்கமாத் தள்ளு” என்றார். அவ்வளவுதான். சுருள் சுருளாக விழுந்தது. அவர் ஒருநாளும் என்னிடம், “உனக்குத் தச்சு வேலைமேல் உண்மையிலேயே தாகம் இருக்கிறதா?” என்று கேட்டதில்லை. காலையில் போனதும் ஒரே கேள்விதான்: “நேத்து சொன்னதைச் செஞ்சியா?”

பன்னிருவரை ஆண்டவர் ஏற்படுத்தியதை மாற்கு சொல்லும்போது, பிரசங்கம் பண்ண அனுப்புவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்கிறார்: ‘தம்மோடுகூட இருக்கவும்’ (3:14). பக்கத்தில் இருந்து பார்த்து, கை வைத்து, சொதப்பி, திருத்தப்பட்டு, மறுபடி கை வைப்பது. யோவான் சுவிசேஷத்தில் ‘என் சீஷர்’ என்பதற்கு ஆண்டவரே அடையாளம் சொல்கிற இடங்கள் மூன்று: என் உபதேசத்தில் நிலைத்திருந்தால் (8:31), ஒருவரிலொருவர் அன்பாயிருந்தால் (13:35), மிகுந்த கனிகொடுத்தால் (15:8). மூன்றிலும் உள்ளே எப்படி உணர்கிறாய் என்ற பேச்சே இல்லை. முகாமின் கடைசி இரவில் வந்த அழுகை பொய் என்று நான் சொல்லவில்லை. அது கதவு திறந்த சத்தம். நான்கு வருடமாகக் கதவருகிலேயே நின்றுகொண்டு அந்தச் சத்தம் மறுபடி கேட்கவில்லையே என்று காத்திருக்கிறீர்கள்.

அப்புறம், சிலுவை. ‘தன் சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொண்டு’ என்பது லூக்கா 9:23. மத்தேயுவிலும் மாற்குவிலும் இதே வசனம் உண்டு, ஆனால் ‘அனுதினமும்’ என்ற சொல் லூக்காவில் மட்டும்தான். நம் சபைகளில் இந்த வசனத்தைப்போல் அடிபடுகிற வசனம் வேறொன்று இருக்காது. முட்டிவலி, கோபக்கார மேலதிகாரி, பிடிக்காத உறவு எல்லாமே ‘என் சிலுவை’. முதல் நூற்றாண்டில் இதைக் கேட்டவர்களுக்கு அப்படிப் பட்டிருக்காது. ரோமர்கள் ஒருவனைச் சிலுவைக்குத் தீர்த்தால், குறுக்குக் கட்டையை அவன் தோளில் ஏற்றி வீதி வழியாக நடத்திப் போவார்கள். பார்க்கிற எவருக்கும் தெரியும், இந்த ஆள் திரும்பி வரப்போவதில்லை, இனி இவனுக்கென்று ஒரு திட்டமும் கிடையாது. தலையில் வந்து விழுகிற கஷ்டத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. நானே என் எஜமான் என்ற ஏற்பாட்டை ஒவ்வொரு நாளும் முடித்துவைக்கச் சொல்கிறார்.

இதை ஏன் இழுத்துச் சொல்கிறேன் என்றால், என் அறையில் உட்கார்ந்து அழுத பெண்கள் உண்டு. அடிக்கிற கணவனைப் பொறுத்துக்கொள்வதுதான் உன் சிலுவை என்று சபையில் யாரோ சொல்லி அனுப்பியிருப்பார்கள். அது சிலுவை ஆகாது, அது குற்றம். அவர்கள் செய்ய வேண்டியது பத்திரமான இடத்துக்குப் போவதும் புகார் கொடுப்பதும். உங்கள் கேள்விக்கு இது நேராகச் சம்பந்தப்பட்டதில்லைதான். ஆனால் வாலிபர் கூட்டத்தில் நாளைக்கு நீங்களே இந்த வசனத்தை எடுப்பீர்கள், அதனால் சொல்லி வைக்கிறேன்.

சரி, வீட்டுக்கு வருவோம்.

உங்கள் மனைவி சொன்னதைக் குற்றச்சாட்டு என்று எடுத்துக்கொண்டு தூக்கம் கெட்டீர்கள். நான் அதை ஏக்கம் என்று வாசிக்கிறேன். ‘அந்த ஆளை வீட்டுக்கு அனுப்புங்க’ என்று கேட்கிறவர், அந்த ஆள் நல்லவர் என்று ஒத்துக்கொண்டுதான் கேட்கிறார். சபைக்குப் பரிமாறியது போக மீதிதான் தனக்குக் கிடைக்கிறது என்கிறார். கலாத்தியர் 5:22-23இல் பவுல் சொல்கிற ஆவியின் கனியை ஒருதரம் மெதுவாக வாசியுங்கள். அன்பு, நீடிய பொறுமை, தயவு, சாந்தம், இச்சையடக்கம். இதில் எத்தனை, மேடையில் உங்களைப் பார்க்கிறவருக்குத் தெரியும்? இதையெல்லாம் பரீட்சித்துப் பார்க்கிற வசதி உலகத்திலேயே இரண்டு மூன்று பேருக்குத்தான் உண்டு. உங்களைப் பற்றிச் சாட்சி சொல்லத் தகுதியான முதல் ஆள் அவர்தான்.

மாற்கு 7ஆம் அதிகாரத்தில் ‘கொர்பான்’ என்று ஒரு விஷயம் வருகிறது. தேவனுக்கென்று கொடுத்த காணிக்கை என்று அதற்கு அர்த்தம். தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதை, ‘இது கொர்பான் ஆகிவிட்டது’ என்று சொல்லிவிட்டால் போதும், செய்ய வேண்டியதில்லை. அப்படி ஒரு பக்திமயமான தப்பிக்கும் வழியை வைத்திருந்தார்கள். ஆண்டவர் அதற்குச் சொன்னது, உங்கள் பாரம்பரியத்தினால் தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்று. பணம் இருக்கிற இடத்தில் நேரத்தை வைத்துப் பாருங்கள். ‘மாலை சபைக்குப் போகணும்’ என்பதும் கொர்பான் ஆகலாம்.

இதை நான் உங்களிடம் கை நீட்டிச் சொல்லவில்லை. ஊழியத்துக்கு வந்த புதிதில் என் அம்மா பன்னிரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தார். அந்த நாட்களில் நாங்கள் ஒரு உபவாச ஜெபம் வைத்திருந்தோம். நான்தான் நடத்தினேன். இரண்டு தடவை போய்ப் பார்த்தேன், இரண்டு தடவையும் அரைமணி நேரம். அக்காதான் இரவும் பகலும் இருந்தாள். பதின்மூன்றாம் நாள் அம்மாவை வீட்டுக்குக் கூட்டி வந்தபோது, பையை இறக்கிக்கொண்டே அக்கா சொன்னாள்: “அம்மா உன்னைக் கேட்கவே இல்லடா. கேட்டா நீ சங்கடப்படுவேன்னு கேட்கல.” திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த உபவாச ஜெபத்தில் என்ன பிரசங்கம் பண்ணினேன் என்று இப்போது ஒரு வரி ஞாபகமில்லை. அக்கா அந்தப் பையைப் பிடித்திருந்த விதம் ஞாபகமிருக்கிறது.

‘தகப்பனையும் தாயையும் மனைவியையும் வெறுக்காவிட்டால் எனக்குச் சீஷனாயிருக்கமாட்டான்’ என்று லூக்கா 14:26 சொல்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இதே சொல்லை மத்தேயு 10:37 ‘என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன்’ என்று விளக்கிவிடுகிறது. எபிரெயப் பேச்சு வழக்கில் ஒன்றைவிட இன்னொன்றைக் குறைவாக வைப்பதை ‘வெறுப்பது’ என்பார்கள். இப்படிச் சொன்னவர்தான் சிலுவையில் தொங்கும்போதும் தம் தாயைக் கவனிக்க ஒரு சீஷனிடம் ஒப்படைத்தவர். முதலிடம் அவருக்கு என்பதில் சந்தேகமில்லை. அந்த முதலிடத்தில் சபையின் நிகழ்ச்சிநிரலை உட்கார வைத்துவிட்டு அதற்கு ஆண்டவர் என்று பேர் சொல்வதைத்தான் நான் கேள்வி கேட்கிறேன்.

நான்கு மாலையை இரண்டாக்குங்கள். அது சுலபம், ஒரு போன் போதும். கஷ்டமானது, மிச்சமாகிற இரண்டு மாலை. வீட்டில் இருந்துகொண்டு மொபைலில் வாலிபர் குழுவுக்கு வசனம் அனுப்பிக்கொண்டிருந்தால் நீங்கள் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. போன உடனே எதையும் அறிவிக்காதீர்கள். ‘இனிமேல் நான் மாறிவிட்டேன்’ என்ற பிரசங்கத்தை உங்கள் மனைவி நிறையக் கேட்டிருப்பார். அவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: “நான் இங்கே எப்படி இருக்கிறேன்?” கேட்டுவிட்டு, இடையில் பேசாதீர்கள். விளக்கம் சொல்ல வாய் வரும். மூடிக்கொள்ளுங்கள். இந்த ஒரு அரைமணி நேரம் நீங்கள் இருக்கிற எந்த உபவாசத்தைவிடவும் கடினமாக இருக்கும்.

இப்போது அந்தக் கையெழுத்து.

எவ்வளவு தொகை, யார் பைக்குப் போகிறது என்றெல்லாம் எழுதவில்லை. எனக்குத் தெரிய வேண்டியதும் இல்லை. யோவான் ஸ்நானகனிடம் ஆயக்காரர்கள், அதாவது வரி வசூலிக்கிறவர்கள், வந்து, நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டார்கள். அவன் ஜெபத்தைப் பற்றிப் பேசவில்லை. கட்டளையிட்டதற்கு அதிகமாய் வாங்காதிருங்கள் என்றான். போர்ச்சேவகர் கேட்டார்கள். ஒருவரையும் இடுக்கண் செய்யாமல், பொய்யாய்க் குற்றஞ்சாட்டாமல், உங்கள் சம்பளமே போதுமென்றிருங்கள் என்றான் (லூக்கா 3:12-14). அந்தந்த வேலையில் எந்த இடத்தில் கை கறைபடுகிறதோ நேராக அந்த இடத்தில் விரலை வைத்தான். கணக்குப் பிரிவில் இருக்கிறவர் போய்க் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் ஒரே சொல்லில் தாண்டிப் போனீர்கள். உள்ளே எதுவுமே இல்லாததுபோல் இருப்பதற்கு ஜெபக்குறைவுதான் காரணம் என்று நினைக்கிறீர்கள். மாதாமாதம் பொய்க்கணக்கில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து ஜெபிக்க உட்காருகிற மனசு எப்படிப் பேசும்? வாயடைத்துத்தான் போகும்.

பதினெட்டாம் நூற்றாண்டில், அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஜான் வூல்மன் என்று ஒருவர் இருந்தார். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். இளைஞராக ஒருவரிடம் எழுத்தராக வேலை பார்த்தபோது, முதலாளி ஒரு அடிமைப் பெண்ணை விற்றுவிட்டு, கிரயப் பத்திரம் எழுதச் சொன்னார். வாங்குகிறவர் காத்திருக்கிறார், சபையில் வயதான பெரியவர் வேறு. வூல்மன் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் மனசு உறுத்தி, அடிமை வைத்திருப்பது கிறிஸ்தவ மார்க்கத்துக்கு ஒவ்வாத காரியம் என்று நினைக்கிறேன் என்று இருவர் முன்னாலேயே சொல்லிவிட்டார். அடுத்த தடவை வேறொருவர் அப்படி ஒரு பத்திரம் கேட்டபோது, எழுத மாட்டேன் என்று மறுத்தார். பிறகு அடிமைகளைச் சொத்தாக எழுதிவைக்கிற உயில்களையும் மறுத்தார். வருமானம் போயிற்று. வீடு வீடாகப் போய், சபையாரோடு கோபமில்லாமல் பேசிக்கொண்டே இருந்தார். 1758இல் குவேக்கர்களின் பிலடெல்பியா வருடாந்திரக் கூட்டம் அடிமைகளை வாங்கி விற்கிற உறுப்பினர்கள்மேல் நடவடிக்கை எடுக்கத் தொடங்கியது. 1776இல், அவர் இறந்து நான்கு வருடம் கழித்து, அடிமை வைத்திருக்கிறவருக்கு உறுப்பினராக இடமில்லை என்றே முடிவு செய்தது. எல்லாரும் அந்த இரண்டாவது பத்திரத்தைத்தான் மெச்சுவார்கள். எனக்கு முதல் பத்திரத்தின்மேல்தான் ஒரு பிரியம். அவரும் போட்டார் தம்பி. போட்டுவிட்டு, அது சும்மா விஷயம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளாமல் இருந்தார்.

இனி செய்ய வேண்டியது. முதலில் மனைவியிடம் சொல்லுங்கள், ஏனென்றால் போகப் போகிற சம்பளம் அவருடையதும்தான். இதுவரை போட்ட கையெழுத்துகளுக்குச் சட்டப்படி உங்கள் பொறுப்பு என்ன என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இதை அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று சீஷத்துவத்தைப் பற்றிப் பேசுகிற அதே லூக்கா 14இல்தான் இருக்கிறது என்று சொல்லுங்கள். அப்புறம் மேலதிகாரியிடம் தனியாகப் போங்கள். வசனம் சொல்லாதீர்கள், சாட்சி சொல்லாதீர்கள். “சார், இந்த மாதிரி பில்லில் இனி என்னால் கையெழுத்துப் போட முடியாது. உண்மையான செலவு எதுவானாலும் எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்து முடித்துத் தருகிறேன்” என்று மட்டும் சொல்லுங்கள். பாபிலோன் அரண்மனையில் தானியேல் ராஜபோஜனத்தை மறுத்த விதம் அப்படித்தான். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகவில்லை. மேல்விசாரிப்புக்காரனின் சங்கடத்தையும் புரிந்துகொண்டு, பத்துநாள் சோதித்துப்பாரும் என்று மரியாதையாகக் கேட்டான்.

தானியேலுக்கு நல்லபடி முடிந்தது. உங்களுக்கும் அப்படியே முடியும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். வேலை போகலாம். மேலே சொன்ன சிலுவை உங்களுக்கு ஒருவேளை இதுவாக இருக்கலாம்.

உங்கள் கைக்கும் ஏதாவது வந்திருந்தால், திருப்பிக் கொடுக்கிற வழியையும் அந்த வழக்கறிஞரிடமே கேளுங்கள். ஏமாற்றியவன் முதலோடு ஐந்திலொரு பங்கு கூட்டித் திருப்பினால் போதும் என்கிறது எண்ணாகமம் 5:7. சகேயு என்ற ஆயக்காரன் நாலத்தனை என்றான். யாரும் கேட்காமலே சொன்னான். அவனை ஆயத்துறையை விட்டு வா என்று ஆண்டவர் கூப்பிட்டதாக லூக்கா எழுதவில்லை. லேவியைக் கூப்பிட்டார், அவன் எழுந்து போனான். சகேயுவின் வீட்டுக்கு அவரே போனார். இரண்டு பேருமே ஆயக்காரர்கள்.

முழுநேர ஊழியம் பற்றி நீங்கள் ஒரு பக்கம் எழுதியதற்கு என் பதில் கிட்டத்தட்ட இந்தப் பத்திதான். கதரேனர் நாட்டில் பிசாசு நீங்கிய மனிதன் படகருகில் வந்து, உம்மோடேகூட வருகிறேன் என்று கெஞ்சினான். எத்தனையோ பேரை ‘என்னைப் பின்பற்றி வா’ என்று கூப்பிட்டவர், அவனை மட்டும் ஏற்றிக்கொள்ளவில்லை. உன் இனத்தாரிடத்தில் உன் வீட்டுக்குப் போ என்றார் (மாற்கு 5:18-20). கல்லறைகளில் கிடந்தவனை அதுவரை அறிந்திருந்த வீட்டார்தான் அவனுக்குக் கிடைத்த ஊழியத்தலம். பவுல்கூடக் கொரிந்துவில் கூடாரம் பண்ணிக்கொண்டுதான் பிரசங்கித்தார். ஊழிய அழைப்பு பொய் என்று சொல்லவில்லை, நானும் அப்படி வந்தவன்தான். ஆனால் ஒரு கையெழுத்தை மறுக்க முடியாமல் மேஜையை விட்டு எழுந்து ஓடுவதற்கு அழைப்பு என்று பேர் வைக்காதீர்கள். சபைகளிலும் கணக்குப் புத்தகம் இருக்கிறது. அங்கேயும் ஒருநாள் யாராவது ஒரு பில்லை நீட்டுவார்கள். அந்த மேஜையில் உட்கார்ந்து ‘முடியாது’ என்று சொல்லி, அதற்கப்புறமும் அழைப்பு அப்படியே இருந்தால், அப்போது மறுபடி எழுதுங்கள், விரிவாகப் பேசலாம்.

தபீத்தாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதிய ஏற்பாட்டில் ‘சீஷி’ என்று பெண்பாலில் அந்தப் பட்டம் வருகிற ஒரே ஆள் அவர்தான் (அப்போஸ்தலர் 9:36). அவர் செய்த பிரசங்கம் ஒன்றும் பதிவாகவில்லை. செத்துக் கிடந்தபோது பேதுரு வருகிறார். விதவைகள் அழுதுகொண்டே, தபீத்தாள் தங்களோடு இருக்கையில் செய்திருந்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் அவருக்குக் காட்டுகிறார்கள். யாரும் அவரைப் பற்றிப் பேச ஆரம்பிக்கவில்லை. துணியைத் தூக்கிக் காட்டினார்கள். தையலைப் பார் என்பதுபோல.

ஜெபத்தில் தூக்கம் வருகிறது என்கிறீர்கள். ஆண்டவர் பிடிபடுவதற்குச் சற்று முன் கெத்செமனே தோட்டத்தில் சீஷர் மூன்று பேர் தூங்கினார்கள், அதுவும் எந்த இரவில்! ‘ஆவி உற்சாகமுள்ளதுதான், மாம்சமோ பலவீனமுள்ளது’ என்றுதான் ஆண்டவர் சொன்னார், ‘நீங்கள் சீஷர்களே இல்லை’ என்று சொல்லவில்லை. நான்கு மாலை சபை, முழுநாள் ஆபீஸ். நீங்கள் களைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின்கீழ் படுத்துக்கொண்டு சாக வேண்டும் என்று கேட்டபோது தேவதூதன் கொடுத்தது சாப்பாடு. சாப்பிட்டுவிட்டுத் தூங்கினான், தூதன் மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். பேச்செல்லாம் அதற்கப்புறம்தான். ஒரு மாதத்துக்கு நீண்ட ஜெபத்தை நிறுத்தி வையுங்கள். காலையில் பத்து நிமிடம், படுக்கையில் இல்லாமல், நாற்காலியில். மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம்தான். ஒரு நாளைக்கு ஒரு சம்பவம் மட்டும், வாய்விட்டு வாசியுங்கள். வாசித்து முடித்ததும், அந்தத் தச்சர் கேட்ட கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நேற்று தெரிந்துகொண்டதைச் செய்தேனா? செய்யவில்லை என்றால் அதைச் சொல்லுங்கள், அதுதான் அன்றைய ஜெபம். தூக்கமும் சோர்வும் ஒரு மாதத்துக்குப் பிறகும் விடாமல், எதிலும் பிடிப்பில்லாமல் போனால் மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு நோய்க்கு ஆவிக்குரிய பேர் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் கஷ்டப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

தோற்றுப் போய்விட்டோம் என்ற எண்ணம் உங்களை அழுத்துகிறது. யோவான் எழுதிய சுவிசேஷத்தில் இரண்டே இடத்தில் கரிநெருப்பு வருகிறது. ஒன்று, பிரதான ஆசாரியனின் முற்றத்தில். அதன் பக்கத்தில் குளிர்காய்ந்துகொண்டு பேதுரு, நீ இயேசுவின் சீஷன்தானே என்று கேட்டவர்களிடம், நான் அவனல்ல என்றார். இன்னொன்று திபேரியா கடற்கரையில், விடியற்காலையில், உயிர்த்தெழுந்தவர் மூட்டி வைத்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியபோது பேதுருவுக்கு எதெல்லாம் ஞாபகம் வந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. அங்கே ஆண்டவர் அவரிடம் மறுதலித்ததற்கு விளக்கம் கேட்கவில்லை. ‘என்னை நேசிக்கிறாயா’ என்று மூன்று தடவை கேட்டு, மூன்று தடவையும் கையில் வேலையைக் கொடுத்தார். உடனே பேதுரு என்ன செய்தார் தெரியுமா? திரும்பி, பின்னால் வந்த இன்னொரு சீஷனைப் பார்த்து, ஆண்டவரே, இவன் காரியம் என்ன என்று கேட்டார். மன்னிப்பின் ஈரம்கூடக் காயவில்லை, அதற்குள் அடுத்தவரோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். ‘உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா’ என்று பதில் வந்தது. உங்கள் சபையில் அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து ஜெபிக்கிற அந்த அண்ணனைப் பற்றி இரண்டு இடத்தில் எழுதியிருந்தீர்கள். அவருக்கும் உங்களுக்கும் சேர்த்து இதே பதில்தான்.

கடைசியாக, வாலிபர் பொறுப்பை விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஆறு மாதத்துக்கு இறக்கி வையுங்கள். உங்கள் போதகரிடம் காரணத்தை மறைக்காமல் சொல்லுங்கள், வீட்டையும் சொல்லுங்கள், ஆபீஸையும் சொல்லுங்கள். அவர் கோபப்பட்டால் பட்டுவிட்டுப் போகட்டும், பையன்களை நடத்த வேறு யாராவது வருவார்கள்.

இந்தப் பதிலை உங்கள் மனைவியிடம் வாசிக்கக் கொடுங்கள். நான் எழுதியதில் எங்காவது அவர் ‘இது இப்படி இல்லை’ என்று சொன்னால், அந்த இடத்தில் என்னை விட்டுவிட்டு அவர் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். நான் உங்கள் கடிதத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.